கிழக்குப் பார்த்த மனை

ஐந்தாவது வாரமும் ஒரு சேர் வந்துவிட்டது. சிவப்பு பிளாஸ்டிக் சேர், ஒரு கால் லேசாக வெளியே வளைந்தது. ஃபஹ்மிதா ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கோவிந்தராசு மேஸ்திரி அதைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டி நிழலில் போட்டார்.

“உக்காருங்கம்மா. உள்ள வராதீங்க, ஒரே தூசி. மேலேர்ந்து எதாவது விழுந்துச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்.”

“நான் உக்கார வரல மேஸ்திரி. பிளம்பிங் கத்துக்க வந்துருக்கேன்.”

“கத்துக்குங்க, யாரு வேணாங்குறா? உக்காந்துகிட்டே கத்துக்குங்க.”

மரியாதை என்று ஒரு வியாதி இருக்கிறது. கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுகிறவர்களுக்கும் அது எங்கிருந்து தொற்றியது என்று ஃபஹ்மிதாவுக்கு விளங்கவில்லை. தஞ்சாவூரில் ஒரு பயிற்சி மையம் அறிவித்த திட்டம் அது. கட்டுமானத் தொழிலில் ஐந்து வேலைகள், வேலைக்கு ஒரு வாரம். ஐந்தையும் கையால் செய்து பார்த்து, பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வேலையின் தலைமை ஆள் “இவரை ஆறு மாதம் என்னிடம் சேர்த்துக்கொள்கிறேன்” என்று கையெழுத்துப் போட்டால், உதவித்தொகையோடு பயிற்சி. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

முதல் வாரம் கொத்து வேலை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் ஒரு செங்கல்லை எடுத்தாள். அங்கிருந்த கொத்தனார் ஓடி வந்து, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல் அதை வாங்கிவைத்துவிட்டு ஓர் இளநீரைக் கொடுத்தார். இரண்டாவது வாரம் கம்பி கட்டும் வேலையில் கையுறை கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கையுறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வாரத்தில் ஏணியில் ஏறக் கூடாது என்றார்கள். சென்ட்ரிங் வேலை முழுக்க ஏணிக்கு மேலேதான் நடந்தது. எலக்ட்ரிக்கல் வாரத்தில் ஷாக் அடிக்கும் என்று தள்ளி உட்காரவைத்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு இன்னும் கரண்ட் கனெக்‌ஷனே வரவில்லை.

இந்த நாலு வாரத்துக்கும் அவள் படிவத்தில் ஒரே மாதிரி டிக் விழுந்திருந்தது. படிவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கட்டம் உண்டு. ஒன்று “செய்தார்”. இன்னொன்று “பார்வையிட்டார்”. மந்திரிமார்கள் வெள்ளச் சேதத்தைப் பார்வையிடுவதுபோல் அவள் நாலு கட்டடங்களைப் பார்வையிட்டிருந்தாள்.

பயிற்சி மையத்தின் விஜயலட்சுமி மேடம் போனில் பட்டென்று சொல்லிவிட்டார். “அஞ்சுல ஒண்ணாவது ‘செய்தார்’னு இருக்கணும்மா. இல்லன்னா உன் பேரை மேல அனுப்ப முடியாது. சனிக்கிழமை சைட்டுக்கு நானே வர்றேன். அதான் கடைசி.”

சனிக்கிழமை போனால் திங்கட்கிழமை அவள் எங்கே போக வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நீடாமங்கலம் கடைத்தெரு ஹார்டுவேர் கடையில் பில் போடும் ஸ்டூல். பி.காம். முடித்து மூன்று வருடம் அதில்தான் உட்கார்ந்திருந்தாள். எல்போ, டீ, கப்ளர், ரெட்யூசர், பெண்டு என்று ஒவ்வொன்றின் அளவும் விலையும் மனப்பாடம். ஒன்றைக்கூட ஒரு பைப்பில் ஒட்டிப் பார்த்ததில்லை. இவள் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வடிகால் ஓட்டையைத் தேடிப் போகாமல் வாசற்படியைத் தேடி வரும். மூன்று ஆட்கள் வந்து சரிசெய்தும் அது வாசற்படியைத்தான் தேடியது. “இதெல்லாம் கடைசியில நம்மளே செய்யணும் போலருக்கு” என்று அவள் அம்மா சைத்தூன் பீவி ஒரு நாள் சலித்துக்கொண்டது இவள் மனதில் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது அதே அம்மா, “கடைக்காரரு மாசக் கடைசி வரைக்கும்தான் எடத்த வச்சிருப்பேன்னு சொல்லிட்டாரு, ஞாபகம் வச்சுக்க” என்று தினமும் காலையில் நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள்.

ஃபஹ்மிதாவுக்கு இனி உட்கார்ந்து பிழைக்க இஷ்டமில்லை. அதற்காக வந்த இடத்திலும் சேர்!

கட்டடம் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரமாகப் போட்டிருந்த புது நகரில் இருந்தது. போன வருஷம் வரை குறுவை அறுத்த வயல். இருபத்திரண்டாம் நம்பர் மனை. வீட்டுக்காரர் கலந்தர் குவைத்தில் இருந்தார்; அவர் மனைவி மர்யம் வெள்ளிக்கிழமை தோறும் நாகூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார். கோவிந்தராசு இதே தெருவில் ஒன்பதாம் நம்பரைக் கட்டி முடித்துவிட்டு, அதே பிளானை இங்கே இறக்கியிருந்தார். அளவுகூட மாற்றவில்லை. அது நல்ல வீடு என்று பெயர் வாங்கியது, அதனால் இதுவும் நல்ல வீடு.

பிளம்பர் மருதையன் சண்டைக்காரர் இல்லை. வேலை நடக்கும் இடத்துக்கு அவளை விடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. செவ்வாய்க்கிழமை டீ குடிக்கும்போது அவரே பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“கவலப்படாதீங்கம்மா. சனிக்கிழம ‘செய்தார்’னே டிக் போட்டுத் தர்றேன். பைப்பப் புடிச்சிக்கிட்டு ஒரு போட்டோ எடுத்துக்குவோம். சேத்துக்குறேன்னு கையெழுத்தும் போடுறேன். யாரு வந்து பாக்கப்போறா?”

“வேலைய குடுத்துட்டே டிக் போடலாமேண்ணே.”

“அது எதுக்கும்மா ஒங்களுக்கு? கையெல்லாம் புண்ணாயிடும்.”

அந்தப் பக்கம் சித்தாள் வேம்பு தலையில் பாண்டு நிறைய கலவையோடு போய்க்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் பெண். அவள் கையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“ஒனக்கு என்னம்மா கொறச்ச?” என்றாள் வேம்பு, கலவையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது. “வந்த அன்னிக்கே சேரு. எனக்கு இருவது வருஷத்துல ஒருத்தன் ஒரு செங்கல்லத் திருப்பிப் போட்டு உக்காருன்னு சொன்னதில்ல. பூசுற கரண்டியும் குடுத்ததில்ல, சேரும் குடுத்ததில்ல.”

ஃபஹ்மிதாவுக்கு வெட்கமாகப் போயிற்று. சேரை இழுத்து அவள் பக்கம் தள்ளினாள். வேம்பு சிரித்துவிட்டு அடுத்த நடைக்குப் போனாள். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்திருப்பதில் ஒரு வேலை மட்டும் உண்டு: நிழலோடு சேரை நகர்த்துவது. காலையில் வீட்டுக்கு வலப்பக்கம் வெயில் அடிக்கும், சேர் இடப்பக்கம். மதியத்துக்கு மேல் வெயில் இடப்பக்கம் வரும், சேர் வலப்பக்கம். வாசலில் வெயில் முகத்துக்கு நேராக ஒரு வேளையும் அடிக்காது. மூன்று நாளில் இது அவளுக்குப் பாடமாகிவிட்டது. பாடமாகி என்ன பயன் என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் மருதையன் கீழ்த்தளக் கழிப்பறையில் இண்டியன் கோப்பையை இறக்கி, செங்கல் ஜல்லியும் சிமெண்டும் கொடுத்து இறுக்கினார். அவள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். நாலரை மணிக்கு மேல் ஆட்கள் கை கழுவப் போனதும், கூடத்தில் ஒரு சிமெண்ட் சாக்கை உதறி விரித்து மாலைத் தொழுகையான அஸருக்கு நின்றாள். திசை தேட வேண்டியிருக்கவில்லை. வெயில் எங்கிருந்து வருகிறதோ, அதற்குக் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்கினால் கிப்லா, தொழும் திசை. தொழுது முடித்து எழுந்தபோதுதான் கழிப்பறைக் கதவு வழியாக அது கண்ணில் பட்டது. அவள் நின்ற திசையும் அந்தக் கோப்பை பார்க்கும் திசையும் ஒன்று.

இன்னொரு முறை பார்த்தாள். சந்தேகமே இல்லை. எந்த முஸ்லிம் வீட்டிலும் வைக்கக் கூடாத திசையில் அதை வைத்து, சிமெண்டும் கொடுத்து இறுக்கியிருந்தார்கள்.

“மேஸ்திரி, கோப்பை மேக்கு பாத்துருக்கு.”

“வடக்கும்மா.”

“மேக்கு. பாய் வீட்டுல இப்புடி வைக்க மாட்டாங்க.”

கோவிந்தராசு சிரித்தார். தெரியாதவன் சிரித்தால் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்தவன் சிரித்தால்தான் உடம்பு எரிகிறது. “எனக்கா சொல்றீங்க? இந்தப் பக்கம் முப்பது பாய் வீடு கட்டியிருக்கேன். மேக்கயும் கிழக்கயும் பாத்து வைக்கக்கூடாது, வடக்கு தெக்குதான். பிளானப் பாருங்க, வடக்குன்னு போட்டுருக்கா? ஒம்போதாம் நம்பரும் பாய் வீடுதான். ஆறு மாசமா குடியிருக்காங்க, ஒரு வார்த்த வரல.”

“ஒம்போதாம் நம்பர் கிழக்க பாத்த வீடு. தெரு வாய்க்காலோட வளைஞ்சு திரும்புதுல்ல? வளைவு தாண்டி இருக்குறது எல்லாம் வடக்க பாத்த மனை. நம்ம வாசல் வடக்கு.”

“கிழக்கு.”

“வடக்கு மேஸ்திரி!”

அவர் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். நகர் போட்டவர்கள் அச்சடித்தது. அதில் சிவப்பு எழுத்தில், கொட்டையாக: அனைத்தும் கிழக்குப் பார்த்த மனைகள். கிழக்குப் பார்த்த மனை என்றால் விலை கூட. அதனால் நாற்பது மனையும் கிழக்கு. தெரு வளைந்தாலும் கிழக்கு, திரும்பிக்கொண்டாலும் கிழக்கு. சூரியன்தான் பாவம், அந்த நோட்டீஸைப் படித்ததில்லை.

அவள் போனில் திசைகாட்டியைத் திறந்து காட்டினாள். மருதையன் எட்டிப் பார்த்துவிட்டு, “கம்பி போட்ட கட்டடத்துக்குள்ள அது தப்பாத்தாம்மா காட்டும்” என்றார். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. அதுதான் கொடுமை.

“சரி, போங்க, சேர்ல உக்காருங்க” என்றார் மேஸ்திரி.

அன்று திரும்பும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டிக்கு எஞ்சின் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் சனிக்கிழமை “செய்தார்” கிடைக்கும், ஆறு மாதமும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை காலையில் டைல்ஸ்காரர் வந்துவிடுவார். அதற்குப் பிறகு தரை மூடிவிடும், யாரும் இவளைக் கேட்கப்போவதில்லை. வாயைத் திறந்தால் மருதையனுக்கு அவமானம், மேஸ்திரிக்குக் கோபம், இவளுக்கு ஸ்டூல். மர்யம் லாத்தாவுக்கு, அந்த வீட்டுக்கார அக்காவுக்கு, நேரே போன் போட்டுச் சொல்லிவிடலாம். சொன்னால் முதலில் போவது மருதையனின் வேலை. மனிதர் தப்பான பிளானை நம்பி ஒழுங்காக வேலை செய்தவர்.

கேட் திறந்தது. அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. பொய் டிக் வாங்கிக்கொண்டு ஆறு மாதமும் அந்தப் பொய்யோடு இதே மனிதரிடம் தொழில் கற்பதா? அதற்குப் பில் போடலாம். பில்லாவது சரியாக இருக்கும்.

மறுநாள் வியாழக்கிழமை அவள் எதுவும் பேசவில்லை. சேரில் உட்கார்ந்தாள், இளநீரைக் குடித்தாள். மேஸ்திரிக்கு மனசு நிறைந்துபோனது. நாலே முக்காலுக்குச் சேரைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே போனாள். கழிப்பறையில் கோப்பைக்கு இரண்டு பக்கமும் கால் வரும்படி, கோப்பை பார்க்கும் திசையிலேயே சேரைப் போட்டாள்.

“மேஸ்திரி, ஒரு நிமிஷம் வாங்க. உக்காருங்க.”

“எங்க, இதுலயா?”

“அஞ்சு வாரமா நீங்கல்லாம் சொல்லிச் சொல்லி நான் உக்காந்தேன். நான் ஒரு தடவ சொல்றேன், நீங்க உக்காருங்க.”

வேம்பு பாண்டை இறக்கிவிட்டு வந்து கதவருகே நின்றாள். மருதையனும் வந்தார். இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்லத் தோன்றாமல் கோவிந்தராசு உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் வென்டிலேட்டருக்கு விட்டிருந்த ஓட்டை வழியாக வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கையைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

“வடக்குலேர்ந்து வெயில் வருதா மேஸ்திரி?” என்றாள் ஃபஹ்மிதா.

வேம்பு முந்திக்கொண்டாள். “நான் தெனமும் சோத்துத் தூக்க நெழல் பாத்துத்தான் வைக்கிறேன். அந்தப் பக்கம் சாயங்காலம் கொளுத்தும். என்னைக் கேட்டுருந்தா நானே சொல்லியிருப்பேன்.”

அதற்கப்புறம் கோவிந்தராசு எழுந்து போட்ட சத்தம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். நகர் போட்டவனைத் திட்டினார், நோட்டீஸ் அடித்தவனைத் திட்டினார், மருதையனைத் திட்டினார், முதல் நாளே சொல்லவில்லை என்று ஃபஹ்மிதாவையும் திட்டினார். நேற்றே சொன்னேன் என்று அவள் சொன்னதற்கு, சொன்ன விதம் சரியில்லை என்று அதற்கும் திட்டினார். முதல் தடவையாக அவளை “ஏ புள்ள” என்றார்.

மருதையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “காலையில டைல்ஸ்காரன் வந்துருவான். சாயங்காலம் பாயம்மா வரும். இதை ஒடைச்சு, பைப்ப வேற பக்கம் கொண்டுபோகணும்னா வெளிய சேம்பர் வரைக்கும் நோண்டணும். ரெண்டு நாள் வேல. என் கையாளும் லீவு.”

“வெளிய நோண்ட வேணாம்ணே” என்றாள் ஃபஹ்மிதா. “ரூமு அஞ்சுக்கு அஞ்சு, சதுரம். கோப்பைய திருப்புனா எடம் பத்தும். ட்ராப்புலேர்ந்து வர்ற எடத்துல நாலு இஞ்சு டோர் பெண்டு ஒண்ணு போட்டு பழைய லைன்லயே சேத்துடலாம்ல? எங்க கடையில இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு பேர்தான் கேப்பாங்க. கடைசி ரேக்குல, கீழ.”

மருதையன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கையால் காற்றில் ஒரு வளைவு போட்டுப் பார்த்தார். “சேரும்” என்றார். “ஆனா யாரு ஒடைக்கிறது?”

மேஸ்திரி இன்னும் திட்டிக்கொண்டிருந்தார். ஃபஹ்மிதா குனிந்து உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். யாரும் ஓடி வந்து வாங்கவில்லை. முதல் அடி உளியில் படாமல் கட்டைவிரலில் பட்டது. அம்மாடி என்று கத்தினாள். வேம்பு வந்து உளியை எப்படிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று காட்டினாள். இருபது வருஷம் பார்த்த கை. கோப்பை விரிசல் விடாமல் சுற்றிலும் கொத்தி எடுக்க வேண்டும். மாற்றி மாற்றி இரண்டு பேரும் கொத்தினார்கள். ஒருநாள் ஆன சிமெண்ட் என்பதால் பிழைத்தார்கள். ஏழு மணிக்குக் கோப்பை முழுசாகக் கையோடு வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கடையில் பெண்டை வாங்கினாள். கேட் மூடியிருந்தது. இன்றைக்கும் எஞ்சின் மாற்றுகிறார்களா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். டைல்ஸ்காரரைக் கூடத்தில் வேலை பார்க்க விட்டுவிட்டு, மருதையன் சொல்லச் சொல்ல அவளே பைப்பை அறுத்தாள், சொல்யூஷன் தடவினாள், ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். வலது கட்டைவிரல் நீலமாகியிருந்தது. இரண்டு முறை மட்டம் தப்பி, இரண்டு முறையும் மருதையன் எரிந்துவிழுந்தார். அந்த எரிச்சல் அவளுக்கு இளநீரைவிட நன்றாக இருந்தது. புது ஜாயிண்ட் வழியாகத் தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோது அது ஓட்டையைத் தேடித்தான் போனது.

சாயங்காலம் மர்யம் லாத்தா வந்தார். கழிப்பறையை எட்டிப் பார்த்தார். “கிப்லா எந்தப் பக்கம் மேஸ்திரி?”

கோவிந்தராசு இம்மி தயங்காமல் வென்டிலேட்டர் பக்கம் கையை நீட்டினார். “அது அந்தப் பக்கம். இது வடக்கு பாத்து வச்சிருக்கேன். முப்பது பாய் வீடு கட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா பாயம்மா?”

ஃபஹ்மிதா வாயைத் திறந்தாள். மருதையன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு விஜயலட்சுமி மேடம் பயிற்சி மையத்து வேனில் வந்து இறங்கினார். படிவத்தை மேஸ்திரியிடம் நீட்டினார். கோவிந்தராசு பேனாவை வாங்கிக்கொண்டு, “தங்கமான பொண்ணும்மா. மரியாதையான பொண்ணு. அஞ்சு நாளும் அமைதியா பார்வையிட்டாங்க” என்றார்.

டிக் விழப்போகிற இடத்தையே ஃபஹ்மிதா பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே அவளுக்கு அழுகை வந்தது.

மருதையன் கையை நீட்டிப் பேனாவைப் பிடுங்கினார். “பிளம்பிங்கு என் வேல மேஸ்திரி. நான்தானே எழுதணும்?” கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு எழுதினார். மேடம் வாங்கிப் படித்தார்.

“‘கோப்பையை உடைத்து எடுத்தார். பெண்டு போட்டுத் திருப்பி வைத்தார்.’ என்னங்க இது? டிக் மட்டும்தான் போடணும். உடைத்தார்னு இதுல எடமே இல்லையே.”

“எடம் இல்லன்னா ஓரத்துல இருக்கட்டும் மேடம்” என்றார் மருதையன். “புதன்கிழம நான் தப்பா வச்சத இவதான் கண்டுபுடிச்சா. நானும் மேஸ்திரியும் கேக்கல. ஒடைச்சு மாத்துனதும் இவதான். வெரலப் பாருங்க.”

மேடம் விரலைப் பார்த்தார். மேஸ்திரி தெருவைப் பார்த்தார். மருதையன் “செய்தார்” கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டு, ஃபஹ்மிதா பக்கம் திரும்பினார்.

“திங்கக்கெழம ஏழரைக்கு வந்துரு. மாடி லைன் இழுக்கணும். கேட்டு மூடியிருந்துச்சுன்னு கத சொல்லாத, ஏழு மணிக்கே கெளம்பு.”

“சரிண்ணே” என்றாள்.

“மேடம் நிக்கிறாங்களே” என்று கோவிந்தராசுவுக்கு அப்போதுதான் உறைத்தது. “யார்றா அங்க, அந்தச் சேர எடுத்துட்டு வாங்கடா!”

யாரும் எடுத்துவரவில்லை. சேர் வீட்டின் இடப்பக்க நிழலில் கிடந்தது. அதில் வேம்பு காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் சோற்றுத் தூக்கை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தா வேம்பு, எந்திரி.”

“சாப்புட்டு எந்திரிக்கிறேன்” என்றாள் வேம்பு.